ஆர் மொழியில் வெக்டரிலிருந்து குறிப்பிட்ட மதிப்புகளை நீக்குவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரவுகளை அலசப் பயன்படும் நிரல்மொழியான ஆரைக் கற்க உட்கார்ந்த இரண்டாம் நாளே வந்துவிடும் சந்தேகம் இது. வெக்டரில், அதாவது வரிசையாக அடுக்கிய மதிப்புகளின் தொகுப்பில், வேண்டாத எண் ஒன்று இருக்கிறது. அதை எப்படி எடுப்பது? ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியை நாலைந்து விதமாக எழுத முடியும். அவற்றில் சில, எந்த எரரும் காட்டாமல் தப்பான விடையைக் கொடுத்துவிடும். எரர் வந்தால் திருத்திக்கொள்ளலாம். வராமல் போவதுதான் ஆபத்து. அந்த இடங்களில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே பேசியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்குத் தனியாக ஃபைல் எதுவும் தேவையில்லை. ஆருடனேயே வரும் ஏர்குவாலிட்டி என்ற தரவு போதும். 1973 மே முதல் செப்டம்பர் வரை நியூயார்க்கில் 153 நாட்கள் எடுத்த காற்று அளவீடுகள் அதில் இருக்கின்றன. அதில் ஓசோன் பத்தியின் முதல் பத்து நாட்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்:

ஓசோன் <- ஹெட்(ஏர்குவாலிட்டி$ஓசோன், 10)
41 36 12 18 என்ஏ 28 23 19 8 என்ஏ

மே 5, மே 10 ஆகிய இரண்டு நாட்களுக்கும் அளவு இல்லை. என்ஏ என்பது அதைத்தான் சொல்கிறது. கட்டளைகளையும் இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். கன்சோலில் தட்டும்போது சி, விச், இன், இஸ்.என்ஏ போன்றவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.

ஒரே ஒரு மதிப்பை நீக்க எளிய வழி எது?

ஓசோன்[ஓசோன் != 18]
41 36 12 என்ஏ 28 23 19 8 என்ஏ

இதில் என்ன நடக்கிறது என்பதை ஒருமுறை புரிந்துகொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும். அடைப்புக்குள் இருக்கும் "ஓசோன் != 18" (18க்குச் சமமில்லை) என்பதை மட்டும் தனியாகத் தட்டிப் பாருங்கள். ட்ரூ, ட்ரூ, ட்ரூ, ஃபால்ஸ் என்று பத்து பதில்கள் வரும். ட்ரூ வந்த இடங்களை ஆர் எடுத்துக் கொடுக்கிறது, ஃபால்ஸ் வந்ததை விட்டுவிடுகிறது. அதாவது "இதை நீக்கு" என்று நாம் சொல்லவே இல்லை. எவையெல்லாம் வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறோம். ஆரில் நீக்குவது என்றாலே வேண்டியதைப் பொறுக்கி எடுப்பதுதான்.

நீக்கிய பிறகும் பழைய வெக்டர் அப்படியே இருக்கிறதே?

ஆமாம், இருக்கும். மேலே எழுதிய வரி புதிதாக ஒரு வெக்டரைக் காட்டியது, அவ்வளவுதான். மாற்றம் நிலைக்க வேண்டுமானால் பெயரில் போட்டுவைக்க வேண்டும்:

ஓசோன்2 <- ஓசோன்[ஓசோன் != 18]

பழைய பெயரிலேயே எழுதவும் முடியும். ஆனால் புதுப் பெயரில் வைத்தால், முன்னும் பின்னும் லெங்த்() போட்டு எண்ணிப் பார்க்க முடியும். பத்து இருந்தது, இப்போது ஒன்பது. ஒன்றுதான் போக வேண்டும், ஒன்றுதான் போயிருக்கிறது. சரி, மேலே போகலாம்.

அம்புக்குறியைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. -99க்குக் கீழே உள்ளவற்றைப் பார்க்க நினைத்து, இடைவெளி விடாமல் ஓசோன்[ஓசோன்<-99] என்று எழுதிவிட்டால் ஆர் அதை "99ஐ ஓசோன் என்ற பெயரில் வை" என்று படித்துக்கொள்ளும். உங்கள் வெக்டர் போய், அந்த இடத்தில் 99 என்ற ஒற்றை எண் உட்கார்ந்திருக்கும். ஓசோன் < -99 என்று இடைவெளி விட்டு எழுதுங்கள்.

மைனஸ் போட்டால் நீங்கிவிடும் என்றார்களே? ஓசோன்[-8] என்று எழுதினேன், 8 போகவில்லை.

மைனஸ் குறி மதிப்பைப் பார்க்காது, இடத்தைத்தான் பார்க்கும். ஓசோன்[-8] என்றால் எட்டாவது இடத்தில் இருப்பதை விட்டுவிட்டு மற்றதைக் கொடு என்று பொருள். எட்டாவது இடத்தில் இருந்தது 19. அது போய்விட்டது, நீங்கள் நீக்க நினைத்த 8 பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. ஓசோன்[-18] என்று எழுதினால் இன்னும் குழப்பம். பதினெட்டாவது இடமே இல்லாததால், எதையும் எடுக்காமல், எந்த எரரும் இல்லாமல் பத்தையும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும்.

பைத்தானிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே -1 என்றால் கடைசி. இங்கே -1 என்றால் முதலாவதைத் தவிர மற்ற எல்லாம். கடைசியை மட்டும் விட வேண்டுமானால் ஹெட்(ஓசோன், -1) என்று எழுதலாம்.

இரண்டு மூன்று மதிப்புகளை ஒரே நேரத்தில் நீக்குவது எப்படி?

18, 28 இரண்டும் வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். பல மதிப்புகளைச் சேர்த்து ஒரு வெக்டராக்குவது சி(). எல்லோருக்கும் முதலில் கைக்கு வருவது இதுதான்:

ஓசோன்[ஓசோன் != சி(18, 28)]
41 36 12 18 என்ஏ 23 19 8 என்ஏ

28 போய்விட்டது. 18? அங்கேயே இருக்கிறது. எரரும் இல்லை, வார்னிங்கும் இல்லை.

காரணம், ஆர் இரண்டு வெக்டர்களை ஒப்பிடும்போது இடத்துக்கு இடம்தான் ஒப்பிடும். ஒன்று சிறியதாக இருந்தால் அதைத் திரும்பத் திரும்ப வரிசையாக அடுக்கிக்கொள்ளும். இங்கே பத்து இடங்களுக்கு எதிரே 18, 28, 18, 28 என்று மாறி மாறி நிற்கிறது. நாலாவது இடத்தில் உங்கள் வெக்டரில் 18, எதிரே நிற்பது 28. இரண்டும் வேறு என்பதால் ட்ரூ, அதனால் 18 தங்கிவிட்டது. ஆறாவது இடத்தில் 28க்கு எதிரே 28 நின்றது, அதனால் அது மட்டும் போனது. இடம் ஒன்று தள்ளியிருந்தால் அதுவும் தப்பியிருக்கும். பத்து என்பது இரண்டின் மடங்கு; ஆகவே வார்னிங்கும் வரவில்லை. மூன்று மதிப்புகளைக் கொடுத்திருந்தால், நீளம் சரியாக வகுபடவில்லை என்று ஒரு வார்னிங் வந்திருக்கும். அந்த வார்னிங் வந்தால் தயவுசெய்து கடந்து போகாதீர்கள்.

சரியான வழி இது:

ஓசோன்[!(ஓசோன் %இன்% சி(18, 28))]
41 36 12 என்ஏ 23 19 8 என்ஏ

%இன்% ஒவ்வொரு எண்ணையும் எடுத்து, "இது அந்தப் பட்டியலில் எங்காவது இருக்கிறதா?" என்று மட்டும் கேட்கும். எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்காது. முன்னால் உள்ள ஆச்சரியக்குறி விடையைத் திருப்பிப் போடுகிறது. உள்ளே இருக்கும் வட்ட அடைப்பு இல்லாமலும் இது வேலை செய்யும், ஆனால் போட்டால் படிக்க எளிது. ஒரு மதிப்பை நீக்குவதற்குக்கூட நான் இதைத்தான் எழுதுகிறேன். நாளை இன்னொரு மதிப்பைச் சேர்க்க வேண்டி வந்தால் பட்டியலில் சேர்த்தால் போதும்.

விச் பயன்படுத்தி ஓசோன்[-விச்(ஓசோன் == 18)] என்று எழுதுகிறார்களே, அது சரிதானே?

இன்றைக்குச் சரியாக இருக்கும். என்றைக்கு உங்கள் வெக்டரில் 18 இல்லையோ, அன்றைக்கு எல்லாம் போய்விடும்.

மெதுவாகப் பார்ப்போம். விச்(ஓசோன் == 18) என்பது 4 என்று இடத்தைத் தருகிறது. அதற்கு மைனஸ் போட்டால் -4. நாலாவது இடம் நீங்குகிறது. இப்போது 18க்குப் பதில் 999 என்று கேட்டுப் பாருங்கள். அப்படி எண்ணே இல்லை, அதனால் விச் தருவது ஒன்றுமில்லாத ஒரு காலி வெக்டர். காலிக்கு முன்னால் மைனஸ் போட்டாலும் அது காலிதான். ஓசோன்[காலி] என்றால் "எந்த இடத்தையும் கொடுக்காதே" என்று ஆகிவிடுகிறது. நீங்கள் எதிர்பார்த்தது பத்து எண்கள், கிடைப்பது பூஜ்ஜியம்.

எனக்கே இது நடந்திருக்கிறது. மாதாமாதம் வரும் கணக்கெடுப்புத் தரவில், பதில் சொல்லாதவர்களுக்கு 999 என்று போட்டிருப்பார்கள். அதை நீக்க இந்த வரியைத்தான் எழுதிவைத்திருந்தேன். பல மாதங்கள் ஒழுங்காக ஓடியது. ஒரு மாதம் எல்லோருமே பதில் சொல்லியிருந்தார்கள், ஒரு 999கூட இல்லை. அந்த மாத அறிக்கையில் கூட்டுத்தொகை 0 என்று வந்தது. காலி வெக்டரைக் கூட்டினால் ஆர் 0 என்றுதான் சொல்லும், குறை சொல்லாது. நல்ல சுத்தமான தரவு வந்த மாதத்தில்தான் எல்லாம் அழிந்தது என்பது எனக்கு இன்றும் மறக்கவில்லை. அன்றிலிருந்து மைனஸையும் விச்சையும் நான் சேர்த்து எழுதுவதில்லை. %இன்% வழியில் இந்தச் சிக்கலே வராது. 999 இல்லையென்றால் பத்துக்கும் ட்ரூ, பத்தும் திரும்பி வரும்.

செட்டிஃப் எளிதாக இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமா?

செட்டிஃப்(ஓசோன், 18) என்று எழுதுவது பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது கணங்களுக்கானது. கணத்தில் ஒரு உறுப்பு ஒருமுறைதான் இருக்கும். அதனால் நீக்கச் சொன்னதை நீக்குவதோடு நிற்காமல், மீதியில் இரண்டாம் முறை வருவதையெல்லாம் சேர்த்தே எடுத்துவிடும். நம் பத்து எண்களில் ஒன்பது மிஞ்ச வேண்டும். செட்டிஃப் எட்டைத்தான் தருகிறது, ஏனென்றால் இரண்டு என்ஏக்கள் ஒன்றாகிவிட்டன. மதிப்புகளுக்குப் பெயர் கொடுத்திருந்தால் அந்தப் பெயர்களும் போய்விடும். பத்திப் பெயர்கள், மாவட்டப் பெயர்கள் மாதிரி ஏற்கெனவே ஒருமுறை மட்டுமே வரும் பட்டியல்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். அளவீடுகளுக்கு வேண்டாம்.

என்ஏக்களை எப்படி நீக்குவது? ஓசோன்[ஓசோன் != என்ஏ] என்று போட்டால் எல்லாமே என்ஏ ஆகிவிடுகிறது.

என்ஏ என்றால் "இல்லை" என்று பொருள் அல்ல, "தெரியவில்லை" என்று பொருள். தெரியாத ஒன்றும் 41உம் சமமா என்று கேட்டால் ஆர் என்ன சொல்லும்? தெரியவில்லை என்றுதான். பத்துக்கும் அதே பதில், அதனால் பத்து என்ஏ வருகிறது. இதற்கென்றே இருக்கும் கேள்வி இஸ்.என்ஏ:

ஓசோன்[!இஸ்.என்ஏ(ஓசோன்)]
41 36 12 18 28 23 19 8

18ஐயும் என்ஏவையும் சேர்த்து நீக்க, ஓசோன்[!(ஓசோன் %இன்% சி(18, என்ஏ))] என்று எழுதலாம். %இன்% என்ஏவையும் ஒரு மதிப்பாகவே தேடிப் பிடிக்கும். ஏழு எண்கள் மிஞ்சும்.

இந்தத் "தெரியவில்லை" இன்னொரு இடத்திலும் காலை வாரும். முழு 153 நாட்களிலும் ஓசோன் 100ஐத் தாண்டியவற்றை மட்டும் வைத்துக்கொள்ள, அடைப்புக்குள் > 100 என்று எழுதிப் பாருங்கள். 44 மதிப்புகள் வரும். உண்மையில் 100ஐத் தாண்டியவை ஏழே ஏழுதான். மீதி 37உம் என்ஏ. தாண்டியதா என்று தெரியாத நாட்களுக்கும் ஒரு இடம் போட்டுக் கொடுத்துவிடுகிறது. சப்செட்() பயன்படுத்தினாலோ, விச்()சை மைனஸ் இல்லாமல் பயன்படுத்தினாலோ ஏழு மட்டும் வரும். ஆனால் அவை என்ஏக்களைச் சொல்லாமலே கழித்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். நம் பத்து எண்களில் சப்செட்(ஓசோன், ஓசோன் != 18) என்றால் ஒன்பது அல்ல, ஏழுதான் கிடைக்கும்.

என்ஏவை எல்லாம் நீக்கிவிட்டுச் சராசரி எடுத்தால் போதும்தானே?

எடுக்கலாம், ஆனால் எவை போகின்றன என்று பார்த்துவிட்டு. மீன்(ஏர்குவாலிட்டி$ஓசோன், என்ஏ.ஆர்எம் = ட்ரூ) என்றால் 42.13 வரும். 153ல் 37 போக 116 நாட்களின் சராசரி அது. அந்த 37ஐ மாதவாரியாக எண்ணுங்கள். மே, ஜூலை, ஆகஸ்ட் ஒவ்வொன்றிலும் 5, செப்டம்பரில் 1. ஜூனில் மட்டும் 21. முப்பது நாள் மாதத்தில் ஒன்பது நாட்களுக்குத்தான் அளவே இருக்கிறது! ஆகவே 42.13 என்பது ஜூன் கிட்டத்தட்ட விடுபட்ட ஒரு கோடைக்கால சராசரி. ஐந்து மாதச் சராசரிகளையும் தனித்தனியே எடுத்து அவற்றைச் சராசரியாக்கினால் 40.72 வருகிறது. எது சரி என்பது உங்கள் கேள்வியைப் பொறுத்தது. ஆனால் இரண்டும் வேறு வேறு எண்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு பத்தியிலிருந்து மட்டும் மதிப்பை நீக்கலாமா?

கூடாது. முதல் பத்து நாட்களின் வெப்பநிலை 67, 72, 74, 62, 56... என்று ஃபாரன்ஹீட்டில் இருக்கிறது. ஓசோனிலிருந்து 18ஐ எடுத்துவிட்டால், மே 4ன் 62 டிகிரிக்கு நேராக மே 5ன் ஓசோன் வந்து நிற்கும். அதற்குப் பிறகு எல்லா நாளும் ஒன்று தள்ளிப்போகும். டேட்டா ஃபிரேமில் (பத்திகளைச் சேர்த்து வைக்கும் அட்டவணையில்) ஒன்பதைப் பத்து வரிசையில் திணிக்க ஆர் விடாது, எரர் தரும். தனித்தனி வெக்டர்களாக வைத்திருந்தால் அந்தக் காவல் கிடையாது. டேட்டா ஃபிரேமின் பெயர் தரவு என்றால், வரிசையோடு சேர்த்து இப்படி எடுங்கள்:

தரவு[!(தரவு$ஓசோன் %இன்% 18), ]

கடைசியில் உள்ள காற்புள்ளியை மறக்க வேண்டாம். 999 மாதிரியான குறியீடுகளாக இருந்தால், வரிசையை இழக்காமல் தரவு$விடை[தரவு$விடை %இன்% 999] <- என்ஏ என்று மாற்றிவைப்பது இன்னும் நல்லது.

முதலில் வரும் ஒன்றை மட்டும் நீக்க முடியுமா?

முடியும். முழுத் தரவில் 18 நாலு முறை வருகிறது. மேட்ச்(18, வெக்டர்) முதலாவது இருக்கும் இடத்தைத் தரும், அதை மைனஸுடன் போடலாம். ஆனால் 18 இல்லாவிட்டால் மேட்ச் என்ஏ தரும், விடையும் ஒற்றை என்ஏ ஆகிவிடும். முதலில் 18 %இன்% வெக்டர் என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

0.3ஐ நீக்கச் சொன்னேன், கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் போகவில்லை. ஏன்?

செக்(0, 1, பை = 0.1) என்று ஒரு வெக்டர் செய்து, அதன் நாலாவது எண்ணை == 0.3 என்று கேளுங்கள். ஃபால்ஸ் வரும். திரையில் 0.3 என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது 0.3ஐவிட இம்மி கூடுதல். பத்தில் ஒரு பங்கை இரும எண்ணில் முழுசாக எழுத முடியாததால் வரும் பிரச்சினை. ஆரின் அதிகாரபூர்வக் கேள்வி பதில் தொகுப்பில் 7.31 என்ற எண்ணில் இதற்கென்றே ஒரு பதில் உண்டு. தசம எண்களுக்குச் சமமா என்று கேட்காமல், எவ்வளவு அருகில் என்று கேளுங்கள்:

எண்கள்[ஏபிஎஸ்(எண்கள் - 0.3) > 0.000001]

ஃபேக்டரில் நீக்கியும் அட்டவணையில் பெயர் வருகிறதே?

ஐரிஸ் தரவில் மூன்று வகைப் பூக்கள், வகைக்கு ஐம்பது. செட்டோசாவை நீக்கினால் நூறு மிஞ்சும், ஆனால் டேபிள்() போட்டால் செட்டோசா 0 என்று வரும். ஃபேக்டர் என்பது வகைகளைக் குறிக்கும் வெக்டர்; அது தன் வகைப் பட்டியலைத் தனியே வைத்திருக்கிறது. ட்ராப்லெவல்ஸ்() போட்டால் போய்விடும்.

ஃபார் லூப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்கினேன். சில தங்கிவிட்டன.

ஜூன் மாத ஓசோன் ஆறு என்ஏக்களுடன் தொடங்குகிறது. லூப் முதல் இடத்தில் என்ஏவைப் பார்த்து நீக்குகிறது. உடனே இரண்டாவது என்ஏ முதல் இடத்துக்கு நகர்ந்துவிடும். லூப்போ இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. இப்படி ஒன்று விட்டு ஒன்றாகத்தான் பிடிபடும். அந்த ஆறில் மூன்று அப்படியே நிற்கும். வெக்டர் முழுவதையும் ஒரே கேள்வியில் சலிப்பதுதான் ஆரின் இயல்பு. லூப் தேவையே இல்லை.

சொற்களை நீக்குவதற்கும் இதே வழிதானா?

இதேதான். மேற்கோள் குறி மட்டும் கூடுதல். ஒரு சொல்லின் தொடக்கத்தை வைத்து நீக்க கிரெப்எல் உதவும். ஆரில் உள்ள அமெரிக்க மாநிலப் பட்டியலில் "நியூ" என்று தொடங்குபவற்றை !கிரெப்எல் வைத்து எடுத்தால், ஐம்பதில் நாலு போய் 46 மிஞ்சும். சொல் போகவில்லை என்றால் முதலில் பின்னால் ஒட்டியிருக்கும் இடைவெளியைச் சந்தேகியுங்கள். ட்ரிம்டபிள்யூஎஸ்() அதை வெட்டிவிடும்.

தமிழ்ச் சொற்களில் இன்னொன்று இருக்கிறது. பல பேர் தட்டிய ஊர்ப் பெயர்களில் "கோவை"யை நீக்கச் சொன்னால், சில கோவைகள் போகும், சில போகாது. பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். என்சார்() போட்டுப் பாருங்கள், ஒன்று 4 என்றும் இன்னொன்று 5 என்றும் வரும். யூனிகோடில் "கோ"வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் காலுமாகப் பிரித்து இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, ஆருக்கு வேறு. ஸ்ட்ரிங்ஐ பேக்கேஜில் உள்ள ஸ்ட்ரி_ட்ரான்ஸ்_என்எஃப்சி() என்ற ஃபங்ஷன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும்:

ஊர்கள் <- ஸ்ட்ரி_ட்ரான்ஸ்_என்எஃப்சி(ஊர்கள்)
ஊர்கள்[!(ஊர்கள் %இன்% ஸ்ட்ரி_ட்ரான்ஸ்_என்எஃப்சி("கோவை"))]

நீங்கள் தட்டும் "கோவை"யும் எந்த வடிவத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் இரண்டு பக்கமும் அதைப் போட்டிருக்கிறேன்.